வானொலி செய்த மௌன ஆராய்ச்சி

முதல் வகுப்பு டீச்சருக்குப் பள்ளியில் வழங்கிய பெயர் வானொலி. பெயரிட்டவர் உடற்பயிற்சி ஆசிரியர். காரணம் கேட்டால், "தப்புதான், வானொலியையாவது திருகி நிறுத்தலாம்" என்பார். டீச்சர் இதற்காக ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டுமானால் சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாதிருக்க வேண்டும். அந்தப் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. இறைவன் அவருக்கு நாவை அருளிய அன்று, அதற்கோர் உறையையும் சேர்த்து அருள மறந்துவிட்டான் என்றே கொள்ள வேண்டும். வகுப்பில் கேள்வி கேட்பவரும் அவரே, விடை சொல்பவரும் அவரே. 'சபாஷ்' மட்டும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

அத்தகையவர்தாம் நாற்பத்தைந்தாம் வயதில் கல்வியியலில் முனைவர் பட்டம் பெறப் புறப்பட்டார். எடுத்துக்கொண்ட தலைப்பு, கேள்வி கேட்டபின் ஆசிரியர் காக்க வேண்டிய மௌனம். செய்தி ஆசிரியர் அறையை எட்டியபோது உடற்பயிற்சி ஆசிரியர் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கு வழியாக வந்தது. "டீச்சர், நான் நீச்சலைப் பத்தி ஆராய்ச்சி பண்ணலாமா? எனக்கும் நீச்சல் தெரியாது" என்றார் இருமலுக்கிடையே.

நகைப்புக்குரிய அந்த ஆசை பிறந்தது ஒரு மழைநாளில். அன்று காலை டீச்சர் வகுப்பில், "மேகம் ஏன் கீழ விழறதில்ல?" என்று கேட்டார். கேட்ட மூச்சிலேயே விடையையும் சொன்னார். சொன்ன சூட்டிலேயே கூட்டல் கணக்குக்கும் போய்விட்டார். மாலை மணி அடித்துப் பிள்ளைகள் கூண்டு திறந்த புறாக்களாய்ப் பறந்தபின், ஒரு சிறுமி மட்டும் முதுகில் பையோடு மேசையருகே நின்றாள். வருகைப் பதிவின்போது 'உள்ளேன்' என்பதைத் தவிர ஆண்டு முழுவதும் வேறு சொல் உதிர்த்தறியாத பெண் அவள்.

"என்னடா செல்லம், அம்மா இன்னும் வரலையா?"

"விழுதே டீச்சர்."

"எது விழுது? பையா?"

"மேகம். கொஞ்சம் கொஞ்சமா விழுது."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் வீசிய கேள்வியை அந்தக் குழந்தை பகல் முழுவதும் நெஞ்சுக்குள் அடைகாத்து, மாலையில் குஞ்சு பொரித்துக் கொண்டுவந்து மேசைமேல் விட்டிருக்கிறது! தாம் ஆண்டுக்கணக்காக எத்தனை முட்டைகளின்மீது பேசிக்கொண்டே நடந்து போயிருப்போம் என்று எண்ணியபோது அவருக்கு அழுகை வந்தது. மேகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுவதை எண்ணியபோதோ சிரிப்பு வந்தது. இரண்டும் கலந்த முகத்தோடு, குடையைப் பள்ளியிலேயே மறந்துவிட்டு, நனைந்தபடி வீடு வந்து சேர்ந்தார்.

அவர் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். கற்பவரின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தம் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, அந்த வலக்கால் அவர் வசத்தில் இல்லாமல் போய்விட்டிருந்தது. எதிர்பாராதது எது நேர்ந்தாலும், சோபாவில் இருந்தாலும் கட்டிலில் இருந்தாலும், கால் தரையை ஓங்கி மிதிக்கும்.

"என்னங்க, நான் படிக்கப் போறேன்."

"படியேன். பேப்பர் அங்கதான் இருக்கு."

"பேப்பர் இல்லீங்க. பிஎச்டி."

கால் மிதித்தது. "எதைப் பத்தி?"

"பேசாம இருக்கிறதைப் பத்தி."

கால் மறுபடி மிதித்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. பேசாம இருக்கிறதைப் பத்திப் பேசப் போறியா, இல்ல பேசாமலே இருக்கப் போறியா? ரெண்டாவதுன்னா இன்னைக்கே சேர்ந்துடு. நானே கொண்டுபோய் விடறேன்."

கல்லூரியில் முதலாண்டு படித்த மகள் தாயின் விண்ணப்பத்தைச் சீர்செய்யும் பொறுப்பை ஏற்றாள். ஆய்வின் நோக்கத்தை ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும் என்பது விதி. டீச்சர் எழுதியதைக் கட்டித் தூக்கக் கயிறு தேவைப்பட்டது. "அம்மா, நோக்கத்தைத்தான் கேக்கறாங்க. பொறந்ததுலேர்ந்து நடந்ததை இல்ல" என்று மகள் வெட்டிக்கொண்டே போக, டீச்சர் பின்னாலேயே நின்று, "ஐயோ அதையா எடுக்கற, அது உயிர்நாடி" என்று ஒவ்வொரு வரிக்கும் ஒப்பாரி வைத்தார். உயிர்நாடிகள் எல்லாம் போனபின் எஞ்சிய பக்கம் அழகாகவே இருந்தது.

எழுத்துத் தேர்வில் தேறினார். நேர்காணலில் நெறியாளர் குழுவின் நடுவே அமர்ந்திருந்த பேராசிரியை டீச்சரை விட வயதில் இளையவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கமுடையவர். அவர் கேள்வியைத் தொடங்குவார், டீச்சர் அதை முடித்து வைத்து விடையையும் தொடங்குவார். இப்படியே சற்று நேரம் ஓடியபின் பேராசிரியை பேனாவை மூடி வைத்தார்.

"ஆசிரியரோட மௌனம்னு தலைப்பு குடுத்திருக்கீங்க. இந்த ரூமுக்குள்ள வந்ததுலேர்ந்து நீங்க வாயை மூடவே இல்ல. கவனிச்சீங்களா?"

"அதனாலதான் மேடம் வந்தேன். வியாதி இருக்கிறவங்கதானே ஆஸ்பத்திரிக்கு வரணும்?"

குழு குலுங்கியது. இடம் கிடைத்தது. நெறியாளராக வாய்த்தவரும் அதே பேராசிரியைதான்.

அதன்பின் வந்த ஆண்டுகளை டீச்சர் தலைகால் புரியாத மகிழ்ச்சியில் கழித்தார் என்றால் மிகையில்லை. பகலில் வகுப்பில் 'ஒன்றும் ஒன்றும் இரண்டு', மாலையில் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல். திட்ட விலக்கம் என்னும் சொல்லைக் கேட்டபோது புத்தகத்தையே மூடி வைத்துவிட்டார். மகளோ சாப்பாட்டு மேசையில் பென்சில்களை வரிசையாக அடுக்கி, "இது சராசரி உயரம். இந்தக் குட்டை எவ்வளவு தள்ளி இருக்கு, அந்த நெட்டை எவ்வளவு தள்ளி இருக்கு, அவ்வளவுதாம்மா" என்று விளக்கினாள். டீச்சர் துள்ளி எழுந்து அவளை அணைத்தபோது பென்சில்கள் எல்லாத் திசைகளிலும் விலகி ஓடின. கூட்டிப் பெருக்கியவர் கணவர்.

பின்னர்க் களப்பணி தொடங்கியது. பிற பள்ளிகளின் முதல் வகுப்புகளில் கடைசி இருக்கையில் அமர்ந்து, ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், அந்த இடைவெளியில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கையில் ஒலிப்பதிவுக் கருவி. பார்வையாளர் வாய் திறக்கலாகாது. இது கல்வியியல் ஆய்வின் அரிச்சுவடி. டீச்சர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஓராண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, நிறைந்த பதிவுகளோடு நெறியாளரின் அறைக்கு வெற்றிவீரரைப் போல் வந்து நின்றார்.

நெறியாளர் பதிவை ஓடவிட்டார். எங்கோ ஒரு வகுப்பு. ஓர் ஆசிரியர், "பால் எதிலேர்ந்து வருது?" என்கிறார். மௌனம். அந்த மௌனத்துக்குள், சுவருக்குள்ளிருந்து வருவதைப் போல், ஒரு கிசுகிசு: "மா... மா... நாலு கால்..."

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த பதிவை வைத்தார். "அஞ்சுல மூணு போனா?" மௌனம். "விரலை மடக்கு... இன்னொண்ணு... ம்ம், அப்படித்தான்..."

மூன்றாவது பதிவில் கிசுகிசு எதுவும் இல்லை. ஓர் இருமல் மட்டும் கேட்டது. விடை இரண்டு என்றால் இரண்டு முறை இருமும் இருமல்.

"டீச்சர், இது யாரு?"

டீச்சர் பேயறைந்தாற்போல் நின்றார். தாம் வாய் திறந்ததே அவருக்குத் தெரியாது. ஒரு குழந்தை விடைக்காகத் தத்தளிக்கையில் கைகொடுக்காமல் இருப்பது அவரைப் பொறுத்தவரை நீரில் மூழ்குபவரைக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதற்கு ஒப்பாகும். இருபது ஆண்டு முதல் வகுப்பு அவர் எலும்பில் ஊறிப்போயிருந்தது. மேசைமேல் தலை கவிழ்த்த நெறியாளரின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றெண்ணி டீச்சர் தண்ணீர் எடுத்து ஓடினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துக் கண்களைத் துடைத்தபின் அவர் சொன்னதில் சிரிப்பு இல்லை.

"இதுல ஒண்ணையும் சேர்க்க முடியாது டீச்சர். எல்லாத்துலயும் நீங்க இருக்கீங்க. மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும். உங்க பதிவுக்காலம் அடுத்த கல்வியாண்டோட முடியுது. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டியாச்சு, இனிமே நீட்ட மாட்டாங்க."

எல்லாம் ஒரே நூலில் தொங்கலாயிற்று. அந்த ஓராண்டுக்குள் வாயை மூடக் கற்றால் பட்டம் உண்டு. இல்லையேல் ஐந்தாண்டு உழைப்பும் காற்றோடு போகும், வானொலி வானொலியாகவே ஓய்வு பெறும்.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. கணவரும் மகளும் முதல் வகுப்புப் பிள்ளைகளாக நடித்தார்கள். மகள் ஆசிரியையாகவும் இருந்துகொண்டு தந்தையைக் கேட்பாள்: "சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்?" கணவர் வேண்டுமென்றே மோட்டுவளையைப் பார்ப்பார். "அது வந்து... தெற்கு?" என்பார். மூலையில் இருந்த டீச்சரின் முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், "ஐயோ இல்லீங்க!" என்று வெடிப்பார். கைக்குட்டையை வாயில் திணித்துப் பார்த்தார்கள், கைக்குட்டையும் பேசியது. மிட்டாயை அடக்கிக்கொண்டார், கடித்து விழுங்கிவிட்டுப் பேசினார்.

முடிவில் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. மகத்தான யோசனை என்று மூவரும் மகிழ்ந்தனர். மறுநாள் ஒரு பள்ளியில் டீச்சர் கன்னங்கள் உப்பக் கடைசி வரிசையில் வீற்றிருந்தார். ஆசிரியர், "யானைக்கு எதுக்குத் தும்பிக்கை?" என்று கேட்டார். மௌனம் நீண்டது. தண்ணீர் தன் கடமையைச் செய்தது. அப்போது முன்னிருக்கைப் பையன் ஒருவன் எழுந்து, "அதுக்குப் பாக்கெட் இல்ல சார், கையை எங்க வெச்சுக்கும்?" என்றான்.

தண்ணீர் டீச்சருக்கு நேர் முன்னே இருந்த சிறுமியின் பிடரி மேல் மழையாய்ப் பொழிந்தது. அவள் திரும்பிப் பார்த்து, அமைதியாக அறிவித்தாள்: "சார், பின்னாடி இருக்கிற ஆன்ட்டி லீக் ஆகறாங்க."

அன்றைய வகுப்பு அத்தோடு கலைந்தது. டீச்சர் வீடு திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் தனியே சிரித்தார். இறங்கியபின் நடைபாதையில் நின்று, இனி என்ன செய்வது என்று திகைத்தார்.

வழி, வழியல்லாத இடத்தில் கிடைத்தது. அடுத்த பள்ளியில் பிள்ளைகளுக்கு அருகே பக்கவாட்டில் இடம் கொடுத்தார்கள். முகங்கள் நன்றாகத் தெரிந்தன. 'யார் எங்கே பார்க்கிறார்கள் என்றாவது குறித்துவைப்போம்' என்று டீச்சர் பென்சிலை எடுத்தார். எழுத நேரமில்லை, ஆகவே வரைந்தார். கேள்வி விழுந்ததும் ஒரு பெண்ணின் கண்கள் மேலே ஏறுகின்றன. ஒருவன் உதட்டுக்குள் ஏதோ உருட்டிப் பார்க்கிறான். இன்னொருத்தியின் ஆட்காட்டி விரல் மேசைமேல் வட்டமிடுகிறது. வட்டம் சிறுத்துக்கொண்டே வந்து புள்ளியாகிறது. புள்ளியானதும் கை உயர்கிறது! கோவிலில் திரை விலகக் காத்திருப்பவரைப் போல் டீச்சர் மெய்ம்மறந்து வரைந்துகொண்டிருந்தார். மணி அடித்தபோதுதான் தெரிந்தது, வகுப்பு முழுவதும் தாம் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது. பேச வேண்டும் என்று தோன்றவே இல்லை. தத்தளிப்பு என்று இதுநாள்வரை தாம் கருதியது தத்தளிப்பன்று, அது நீச்சல்.

அந்தப் பதிவைக் கேட்ட நெறியாளர் ஒலியைக் கூட்டி, மேலும் கூட்டி, காதோடு வைத்துக் கேட்டார். "நிஜமாவே நீங்க போனீங்களா?" என்றார். டீச்சர் வரைபடங்களை மேசைமேல் பரப்பினார். நெறியாளர் நெடுநேரம் அவற்றைப் புரட்டிவிட்டு, "இதுதான் உங்க நாலாவது அத்தியாயம்" என்றார். பதிவுக்காலம் முடியுமுன் ஆய்வேடு பல்கலைக்கழகப் படியேறியது.

எஞ்சியது வாய்மொழித் தேர்வு. புறத்தேர்வாளராக வந்தவருக்கு ஆய்வு மாணவர்கள் இட்ட பெயர் 'கத்தரி'. அவர் கைபட்ட ஆய்வேடுகளில் சில மீண்டும் எழுதப்பட்டன. சில அதன்பின் எழுதப்படவே இல்லை. யாரும் வந்து கேட்கலாம் என்னும் பொதுத்தேர்வு ஆகையால், அரங்கின் பின்வரிசையில் கணவரும் மகளும் உடற்பயிற்சி ஆசிரியரும் அமர்ந்திருந்தார்கள்.

டீச்சர் தொடக்கத்தில் சரளமாகப் பேசினார். பேசத்தான் அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லையே. கத்தரி முகத்தில் எதுவும் காட்டாமல் கேட்டார். பிறகு ஆய்வேட்டை மூடி, கைகளை அதன்மேல் வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு குழந்தை விடை தெரிஞ்சு தயங்கிச் சும்மா இருக்கு. இன்னொரு குழந்தை விடையே தெரியாம சும்மா இருக்கு. இந்த ரெண்டு மௌனத்தையும் நீங்க எப்படிப் பிரிச்சீங்க?"

ஆய்வேட்டில் இதற்கு விடை இல்லை என்பது நெறியாளருக்குத் தெரியும். அவர் நகத்தைக் கடித்தார். பின்வரிசையில் கணவரின் வலக்கால் தரையில் பதிந்து, பதிந்தபடியே நின்றது. டீச்சர் வாயைத் திறந்தார். வழக்கமான வெள்ளம் நாவின் நுனிவரை வந்தது. எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். சமாளிப்பதில் அவருக்கு நிகர் அவரே. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அது அவரைப் பிடித்துக்கொண்டது. வாய் மூடியது. கண்கள் மேலே ஏறின. ஆட்காட்டி விரல் மேசைமேல் வட்டமிடத் தொடங்கியது.

மௌனம் நீண்டது. அதை முதலில் தாங்க மாட்டாதவர் கத்தரிதான்.

"அதாவது," என்றார் அவர், நாற்காலியில் முன்னே சாய்ந்து, "முகத்துல தெரியற குறிகளை வெச்சு..."

"ஷ்ஷ்!" என்றார் டீச்சர், மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்து. "நடுவுல பேசக் கூடாது. யோசிச்சிட்டிருக்கேன்ல?"

நெறியாளர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். உடற்பயிற்சி ஆசிரியர் "போச்சு" என்றார். கத்தரியோ, ஆண்டுக்கணக்காக யாரும் தம்மை அடக்கியறியாத வியப்பில், சட்டென நிமிர்ந்து, கைகட்டி உட்கார்ந்தார்.

விரலின் வட்டம் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாயிற்று.

"பிரிக்கல சார்," என்றார் டீச்சர். "பிரிக்க என்னால முடியல. வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே முகம். சில பிள்ளைங்க தெரியாமத்தான் ஆரம்பிச்சாங்க, காத்திருந்ததுல கண்டுபிடிச்சாங்கன்னு நான் நம்பறேன். ஆனா அது என் நம்பிக்கை. நிரூபணம் இல்ல. என் ஆய்வுல அது ஒரு ஓட்டை. அடைக்கணும்னா அந்தப் பிள்ளைங்களையே கேட்டிருக்கணும். எனக்கு அப்போ தோணல."

கத்தரி எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, மெல்ல, கையை உயர்த்தினார்.

கை உயர்ந்தால் முதல் வகுப்பில் டீச்சர் வாயில் தானாக எழும் சொல் ஒன்று உண்டு. அது எழுந்தது.

"சொல்லு ராஜா!"

அடுத்த கணம் தாம் சொன்னது செவியில் விழுந்தது. "ஐயையோ! சார், மன்னிச்சிடுங்க, வாய் தவறிடுச்சு, அது என்னன்னா முப்பத்தஞ்சு பிள்ளைங்க சார், கையைத் தூக்கினா என் வாயில வேற எதுவும் வராது, உங்களைப் போய் நான் ராஜான்னு, வயசென்ன, படிப்பென்ன..." அரங்கு வெடித்துச் சிரித்தது. மகள் நாற்காலியிலிருந்து சரிந்தாள். கத்தரியின் வாய் அசைந்தது. "அந்த ஓட்டையைக் கடைசி அத்தியாயத்துல எழுதிச் சேர்த்துடுங்க, முனைவர் பட்டத்துக்கு முழு மனசோட பரிந்துரைக்கிறேன்" என்று அவர் சொன்னது முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது.

டீச்சருக்குக் கேட்கவில்லை. அவர் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். "...போன வாரம்கூட பேங்க்ல ஒருத்தர் கையைத் தூக்கினார், அவரையும் சார், பாவம் அவர் பேனா கேட்டிருக்கார்..."

"டீச்சர்! குடுத்துட்டாங்க!" என்று நெறியாளர் கூவினார்.

"...என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க சார், அவருக்கே இந்தக் கதிதான்..."

கத்தரி நெறியாளரைக் கையமர்த்தினார். ஆய்வேட்டின் மேல் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, மறுபடியும் அதைச் சொல்வதற்காக, டீச்சர் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.